பனியும் ஒரு பழைய சந்தேகமும்

சமவெளியில் இருப்பவனுக்குக் குளிரைப் பற்றிப் பேச யோக்கியதை கிடையாது என்பது பொதுவான அபிப்பிராயம். வடக்கேயிருந்து மாற்றலாகி வரும் அதிகாரிகள், மப்ளரும் ஸ்வெட்டருமாக வங்கிக்கு வரும் சேலத்துக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். வெப்பமானி 18 டிகிரி காட்டுகிறது, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பார்கள். அவர்கள் கணக்கு சரிதான். ஆனால் அவர்கள் தூங்குவது கதவு சாத்திய அறையில், ரஜாய்க்குள். அம்மாபேட்டையில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, குழித்தறியின் ஈரக்குழிக்குள் காலை இறக்குகிறவருக்கு அதே 18 டிகிரி வேறு எண். சேர்வராயன் மலையும் நகரமலையும் ஜருகுமலையும் கஞ்சமலையும் சுற்றி நிற்க, தை மாதத்துப் பனி நடுவில் கிண்ணத்தில் ஊற்றியதுபோல் எட்டு மணிவரை அசையாமல் கிடக்கிறது. இளைப்புக்காரர்களுக்கு இந்த இரண்டு மாதமும் மூச்சு விடுவதே ஒரு வேலையாகிவிடுகிறது.

ஒரே எண் எங்கிருந்து வாசிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது. இது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் தடுப்பூசி பற்றிய விவாதங்களைக் கேட்கும்போதெல்லாம், இந்தச் சாதாரண விஷயத்தை இரண்டு கட்சிக்காரர்களும் மறந்துவிட்டே பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது.

என் அத்தை அம்மாபேட்டையில் நாற்பது வருஷமாகத் தார் சுற்றுகிறவர். இளம் வயதில் டி.பி. கண்டு, ஊசியும் மாத்திரையுமாக ஒன்றரை வருஷம் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்வந்து குணமானவர். மருத்துவத்தின்மேல் நம்பிக்கையற்றவர் என்று அவரைச் சொல்ல முடியாது. சின்னம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவார். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குக் கூழும் ஊற்றுவார். பேரக்குழந்தைகளுக்கு அட்டை தவறாமல் ஊசியும் போட்டுவிடுவார். இரண்டுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை. அவருடைய இடது கையில் பெரியம்மை ஊசியின் தழும்பு காசு அகலத்துக்கு இருக்கிறது. என் தலைமுறையின் கையில் பி.சி.ஜி. தழும்பு.

இப்படிப்பட்டவர் 2021இல் கோவிட் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக், மக்களுக்குத் தைரியம் சொல்வதற்காகவே சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் பலர் பார்க்க ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று தடுப்பூசியின் பின்விளைவுகளை ஆராயும் மத்தியக் குழு அறிவித்தபோது அக்டோபர் வந்துவிட்டது. இடைப்பட்ட ஆறு மாதமும் வாட்ஸ்அப்பின் வசம் இருந்தது. எங்கள் அத்தை தெருவில் அடுத்த தறிக்காரர் மே மாதத்தில் போய்ச்சேர்ந்தார். அவர் ஊசி போட்டதால் போனாரா, போடாததால் போனாரா என்று தெருவில் இன்னமும் இரண்டு கட்சி இருக்கிறது. இருவருக்குமே அந்தச் சாவு உபயோகமாக இருக்கிறது. அவர் மனைவியிடம் போய் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அத்தையின் காரணம் நடிகரும் அல்ல, தறிக்காரரும் அல்ல. “உள்ள அடங்கிக் கெடக்கறதக் கெளப்பி வுட்டுரும்னு சொல்றாங்க கண்ணு. எனக்கு ஒருக்கா வந்தது போதும்” என்றார். தன் நுரையீரலைப் பற்றிய கேள்வி அது. அந்தச் செப்டம்பரிலிருந்து வாராவாரம் நடந்த மெகா முகாம்களில், வரிசையில் நிற்கும் ஒருவருக்குக் கிடைக்கும் இரண்டு நிமிஷத்தில் அதற்குப் பதில் கிடைக்க வழியில்லை. “ஒண்ணும் ஆகாது பாட்டி” என்றார்கள். அத்தை திரும்பி வந்துவிட்டார். ஒண்ணும் ஆகாது என்பது அவருடைய கேள்விக்குப் பதில் அல்ல. வேறு யாரோ கேட்ட கேள்விக்கான பதில்.

இதே கேள்வியை வேறு உருவத்தில் நாமக்கல்லில் கேட்டிருக்கிறேன். அங்கே ஒரு கிளையில் மூன்று வருஷம் கோழிப்பண்ணைக் கடன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லிமலைப் பக்கமிருந்து குளிர்காற்று இறங்கும் மாதங்களில் பண்ணைக்காரர்களின் கவனமெல்லாம் காற்றில்தான். கொட்டகையின் பக்கங்களில் சாக்குப் படுதா இறக்கிவிடுவார்கள். முழுக்க மூடினால் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா கோழியின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கும். திறந்துவைத்தால் குளிர் தாக்கும். குளிரில் கோழி உடம்புச் சூட்டுக்காகவே அதிகம் தின்னும், முட்டைக் கணக்கில் தீவனச் செலவு ஏறும். கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வரும் வானிலைக் குறிப்பை, ராசிபலன் படிப்பதைவிடச் சிரத்தையாகப் படிப்பார்கள். வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்து குஞ்சின் முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ சொட்டாக விழுந்துவிடும். பிறகு குடிநீரில், அதன்பின் ஊசியாக. லட்சக்கணக்கான உயிர்களுக்கு நடக்கிற இந்தக் காரியத்தில் விவாதம் என்பதே கிடையாது.

அப்படிப்பட்ட பண்ணைக்காரர் ஒருவரும் தனக்கு ஊசி வேண்டாம் என்றார். கோழிக்கு ஒரு நாள் தப்பாமல் போடுகிறீர்களே என்று கேட்டேன். “கோழிக்குப் போட்டா எத்தன சாவும், போடாட்டி எத்தன சாவும்னு எனக்குத் தெரியுமுங்க. என்ற கணக்கு எவன் கையில இருக்குதுங்க?” என்றார்.

இந்தப் பதிலை அறியாமை என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. கணக்கு எழுதுகிறவனின் இடத்திலிருந்து பார்க்கும்போது நூற்றுக்கு ஒன்று என்பது செலவினம். எழுதப்படுகிறவனின் இடத்திலிருந்து பார்த்தால், அந்த ஒன்று தானாக இருக்கக்கூடும். அவர் வாழ்நாள் முழுக்க முதல் இடத்தில் இருந்தவர். திடீரென்று இரண்டாம் இடத்துக்கு மாற்றப்பட்டதும் அந்த வித்தியாசம் அவருக்கு உறைத்துவிட்டது. வங்கியில் வேலை பார்க்கும் எனக்கும் இது தெரியாததல்ல. வாராக்கடன் பட்டியலில் ஒரு வரியாக இருப்பவர் கவுண்ட்டருக்கு எதிரே வந்து நிற்கும்போது அவர் வரியாக இருப்பதில்லை.

உள்ளே உயிருள்ள எதையோ செலுத்துகிறார்கள் என்ற அத்தையின் பயமும், கணக்கு யார் கையில் என்ற பண்ணைக்காரரின் கேள்வியும் இந்த ஜில்லாவுக்குப் புதியவை அல்ல. அறுபது எழுபது வருஷங்களுக்கு முன்னால், அன்றைய சேலம் ஜில்லாவில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, 1917இலிருந்து 1919வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்து, 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்த ஒருவர் இவ்விரண்டையும் அச்சிலேயே கேட்டார். ராஜாஜியைத்தான் சொல்கிறேன். சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் பதவியை விட்டு ஒரு வருஷம் கழித்து, 1955இல், பி.சி.ஜி. ஊசியை ஏன் எதிர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான குழந்தைகளின் உடம்பில் கூட்டம் கூட்டமாகச் செலுத்துவதற்கு என்ன ஆதாரம் என்பது அவர் கேள்வியின் சாரம். நல்ல உணவும் இருப்பிடமும் தரவேண்டிய இடத்தில் ஊசியைத் தருகிறார்கள் என்பது இன்னொரு பகுதி. அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் இயக்கத்தின் பக்கம் உறுதியாக நின்றார். சென்னை மாநிலத்தில் பி.சி.ஜி. இயக்கம் கொஞ்ச காலம் தடுமாறியது.

ராஜாஜியின் கேள்வி வெறும் பிடிவாதம் அல்ல. 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த கலப்பினால், பி.சி.ஜி. என்று நம்பிக் கொடுக்கப்பட்ட மருந்தில் வீரியமுள்ள கிருமி இருந்து, 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. அது மருந்தின் குற்றமல்ல, கைத்தவறு என்பது நிரூபணமானது. ஆனாலும் கைத்தவறே நேராத கைகள் எங்கே இருக்கின்றன என்று கேட்க ஒருவனுக்கு உரிமை உண்டு.

இதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1968இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திருவள்ளூர்ப் பகுதியில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. சுமார் 3,60,000 ஜனங்களைக் கொண்ட கிராமங்கள். ஒரு பகுதியினருக்கு பி.சி.ஜி., இன்னொரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று முதல் அறிக்கை சொன்னது 1979இல். பதினைந்து வருஷக் கணக்கும் 1999இல் வெளியானது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை, குழந்தைகளுக்குச் சொற்பம். ராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று, ஒரு மார்கழியில், காலமாகியிருந்தார்.

எனவே ராஜாஜி ஜெயித்தார் என்று முடித்துவிடலாமா? முடியாது. அவர் பயந்தபடி ஊசி குழந்தைகளைக் கூட்டமாகக் கெடுக்கவில்லை. மாறாக, குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது என்பது வேறு ஆய்வுகளில் உறுதியாயிற்று. அதனால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடப்படுகிறது. உணவு விஷயத்திலும் இதே சிக்கல். சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், நெரிசலான வீடும் அரைகுறைச் சாப்பாடுமாக இருந்த நோயாளிகள்கூட, மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தால், சானடோரியத்தில் படுத்திருந்தவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று 1959இல் காட்டியது. என் அத்தை மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டிலிருந்தபடியே பிழைத்தது அந்த முடிவின் பலன். அத்துடன் உணவு தோற்றுவிட்டது என்று நினைத்தால், ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. நோயாளியின் குடும்பத்துக்குச் சத்துணவு கொடுத்தால் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைகிறது என்றது. குணமாவதற்கு மருந்து, வராமலிருக்கச் சோறு. இரண்டு பக்கமும் பாதிப் பாதி சரி. அந்தப் பாதிகளைப் பிரித்தறிய ஏறத்தாழ எழுபது வருஷம் ஆகியிருக்கிறது.

ராஜாஜியின் சந்தேகத்துக்கும், 2017இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு எதிராகவும் 2021இல் கோவிட் ஊசிக்கு எதிராகவும் செல்போன்களில் பரவியதற்கும் என்ன வித்தியாசம்? படிப்பு என்றும் அந்தஸ்து என்றும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படித்தவர்கள் பரப்பிய அபத்தங்களுக்குக் குறைவே இல்லை. ராஜாஜியின் பிரசுரத்தில் கையெழுத்து இருந்தது. யாரிடம் பதில் சொல்வது, யாரிடம் மறுப்பது என்று தெரிந்தது. அதனால் அந்தச் சந்தேகம் ஓர் ஆய்வில் வைத்துப் பார்க்கக்கூடிய கேள்வியாக இருந்தது. வதந்திக்கு விலாசம் கிடையாது. மறுத்தால் அடுத்த தெருவுக்குக் குடிபோய்விடும்.

சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதில் ஒரு சம்பந்தம் இருக்கிறது. செங்கல்பட்டு ஆய்வு தொடங்கிய அதே 1968இல்தான் சேலத்திலிருந்து ‘நடை’ வந்தது. சி. மணி வேறு பெயர்களிலும் எழுதினார். ஆனால் பத்திரிகைக்கு ஒரு முகவரி இருந்தது. புனைபெயரும் ஒரு கையெழுத்துதான். இன்று ஒரு நாவலைப் பற்றியோ ஒரு கவியைப் பற்றியோ நம் வட்டத்தில் உலவும் அபிப்பிராயங்களில் எத்தனை அச்சில் வருகின்றன? டீக்கடையில் ஒருவன் மோசம் என்று முடிவாகிவிடுகிறது. முடிவு செய்தவர் யார் என்று கேட்டால் எல்லோரும் என்பார்கள். எல்லோருக்கும் எப்படிப் பதில் சொல்வது?

அத்தை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2022 ஜனவரியில், மூன்றாவது அலையின்போது, வீடு வீடாக வந்த நர்ஸ் ஒருவர் அத்தையின் கேள்வியை முழுக்கக் கேட்டார். “எனக்குச் சரியாத் தெரியலம்மா, டாக்டர்கிட்டக் கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்றார். இப்படிச் சொல்கிறவர்கள் திரும்பி வருவது வழக்கமில்லை. அவர் அடுத்த வாரம் வந்தார். டி.பி. குணமானவர்கள் போட்டுக்கொள்ளலாம், பழையதை இது கிளப்பாது, இளைப்பு இருப்பவருக்கு நோய் வந்தால்தான் ஆபத்து அதிகம் என்று சொன்னார். ஜுரம் வந்தால் தன்னைக் கூப்பிடச் சொல்லி நம்பரும் எழுதிக் கொடுத்தார். அத்தை கையை நீட்டினார். அந்த ஊசி தழும்பு எதையும் விடவில்லை.

திருவள்ளூர்க் கிராமங்களில் இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை கதவைத் தட்டிச் சளி மாதிரி கேட்டுப் போன களப்பணியாளர்களை நினைத்துக்கொள்கிறேன். அவர்களுக்குத் தங்கள் கையால் போட்டது மருந்தா வெறும் நீரா என்பதுகூடத் தெரியாது. ராஜாஜி சொன்னது சரியா, அமைச்சர் சொன்னது சரியா என்பது அவர்கள் கவலையாக இருந்திருக்கவும் நியாயமில்லை. பனியிலும் வெயிலிலும் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். யார் இருமுகிறார், யார் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இன்றும் இந்தியர்தான். அந்தக் கதவுகளைத் தட்டும் வேலை முடியவில்லை.