எரிந்த கடிதங்கள்

மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலையின் அரைவைப் பருவம் தொடங்கிவிட்டால், கரும்புச் சோகை எரியும் புகை தென்பெண்ணைக் கரைவரை படர்ந்து நிற்கும். அப்படியொரு மாலையில்தான், அப்பா நெய்வேலியில் வேலை பார்த்த நாளில் எழுதிய கடிதக் கட்டைப் பழைய தாள் என எண்ணி, சோகைத் தீயில் போட்டுவிட்டேன். அவர் இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

அண்மையில் கருந்துளைகளைப் பற்றிப் படித்தபோது அந்தத் தீ நினைவுக்கு வந்தது. 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய நம் சந்திரசேகர், பத்தொன்பது வயதில், வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டெனக் கணக்கிட்டார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. அதை மீறியவை என்னாகும் என்ற கேள்வியின் தொடர்ச்சியே கருந்துளை.

கடிதம் எரிந்தாலும் செய்தி அழிவதில்லை என்கிறது இயற்பியல். புகை, சாம்பல், வெளிச்சம் யாவற்றையும் ஒன்றுவிடாமல் சேர்க்க முடிந்தால், கொள்கையளவில் எழுத்துகளை மீட்கலாமாம். கருந்துளை மட்டும் விதிவிலக்கு, அது கதிர்வீசித் தேய்ந்து மறைகையில் உள்ளே விழுந்ததன் செய்தியும் மறையும் என்று 1976-இல் வாதிட்டார் ஸ்டீபன் ஹாக்கிங். 2004-இல் அதை அவரே கைவிட்டார்.

2007-இல் பேட்ரிக் ஹேடனும் ஜான் பிரெஸ்கிலும் இன்னொன்றைக் காட்டினர். பாதிக்குமேல் தேய்ந்த கருந்துளையில் நாட்குறிப்பொன்றை எறிந்தால், அதன் செய்தி விரைவிலேயே கதிர்களில் வெளிவரும். ஆனால், அதற்குமுன் வந்த கதிர்களையெல்லாம் சேமித்து ஒரு குவாண்டம் கணினிக்குள் வைத்திருக்கவேண்டும். நான் மகிழ்ந்துபோனேன். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கதிர்களில் புதைந்ததைப் பிரித்தறிய, குவாண்டம் கணினிக்கும் கருந்துளை முழுதும் கரையும் காலத்தைவிட மிக நீண்ட காலம் பிடிக்கக்கூடும் என்று 2013-இல் டேனியல் ஹார்லோவும் அதே ஹேடனும் வாதிட்டனர். அழியவுமில்லை, படிக்கவும் இயலாது!

சென்ற பொங்கலன்று இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மிஷினுக்கு உங்கப்பா கையெழுத்து புரியுமாடா? எனக்கே பாதி ஊகந்தான்" என்றார். பிறகு அடுப்பைப் பார்த்தபடியே, "முதல் கடுதாசியில ஒண்ணுமில்ல. அங்க மழையாம், மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கி வைன்னு எழுதியிருந்தார்" என்றார்.

நான் தாளும் பேனாவும் எடுத்துவந்து, அடுத்ததைக் கேட்டேன்.