மூடி

கெடா மாநிலத்துச் சிடாம் கிரிக்குப் போகிறேன் என்றதும் மதுரை நண்பர் ஒருவர், "அது எந்த மலை?" என்று கேட்டார். மலாயில் கிரி என்றால் இடப்பக்கம். மலையெல்லாம் இல்லை. பால்மரக்காடு, செம்பனை, சுங்கை பட்டாணிப் பக்கம் போகிற லோரிகள், அவ்வளவுதான். லோரி ஓட்டும் என் பள்ளித்தோழன்தான் அழைத்தான். "பழைய ஸ்டோர் ஒன்ன வாடகைக்கு எடுத்து ஆசிட் அடைக்கிறாங்க. நான் ஏத்திட்டுப் போற சாமான் என்னன்னு நீயும் வந்து பாரு."

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஆசிட் என்றால் ஒன்றுதான்: ரப்பர் பாலை உறைய வைப்பது. ஃபார்மிக் ஆசிட். 1671இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து எடுத்தது இது. லத்தீனில் எறும்புக்கு இருந்த பெயரே இதற்கும் வந்துவிட்டது. முசுறு கடித்த இடம் எரியுமே, அந்த எரிச்சல் 94 சதவீதமாகக் கெட்டிப்பட்டு நீல நிறக் கேனில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுதோட்டக்காரர்கள் இதை நிறையத் தண்ணீரில் கலந்துதான் பாலில் ஊற்றுவார்கள்.

பெரிய தொட்டியிலிருந்து 35 கிலோ கேன்களுக்கு மாற்றுவதுதான் அங்கே வேலை. பம்பு, குழாய், தராசு எல்லாவற்றையும் முதலாளியின் மருமகன் பொறுமையாக விளக்கினார். முகமூடிக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருந்த எனக்குப் பாதி புரியவில்லை, மீதி சலித்தது. அதை விட்டுவிடுகிறேன். நான் நின்றது கடைசி மேசையருகில். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஓர் அக்கா அங்கே மூடி போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கையில் நீளப்பிடி வைத்த சாவி. கேன் மூடியில் மாட்டி அழுத்தினால் இறுகுகிறது, குறித்த அளவு வந்ததும் 'டிக்' என்கிறது. அதற்கு மேல் திருகக்கூடாது. "பலத்தக் காட்டினா உள்ள இருக்கிற ரப்பர் வளையம் வெட்டிக்கும் தம்பி. லூசா விட்டா மேடு பள்ளத்துல கசியும். சாவி சொல்றதுதான் கணக்கு." சாயங்காலம் போட்ட மூடியை மறுநாள் காலையில் மறுபடி சோதிக்கிறார். பிளாஸ்டிக் இரவோடு இரவாகக் கொஞ்சம் தளர்ந்துவிடுமாம். சட்டம் படித்தவர்கள் சொல்லித் தந்ததா என்று கேட்டேன். "ஒருதரம் லோரியில ஒழுகினது சொல்லித் தந்துச்சு" என்றார்.

மூடியின் நடுவே ஊசிமுனை அளவில் ஒரு துளை. ஆசிட்டை அடைக்கிற மூடியில் ஓட்டையா? கெட்டியான ஃபார்மிக் ஆசிட் சும்மா இருக்காது. மெல்லச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு வாயுவாகவும் தண்ணீராகவும் பிரிந்துகொண்டே இருக்கும். வாயுவுக்கு வழி விடாவிட்டால் கேன் வயிறு உப்பும். துளைக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய சவ்வு வாயுவை விடும், திரவத்தை விடாது. கேனைக் கழுத்துவரை நிரப்பாததற்கும் காரணம் உண்டு. 55 டிகிரிச் சூட்டில் விரிந்தாலும் உள்ளே இடம் மிச்சமிருக்க வேண்டும் என்பது உலக விதி. தார்ப்பாய் மூடிய லோரிக்குள் கெடா வெயிலில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த எண் மிகையாகப் படாது.

கேனைக் கவிழ்த்து அடிப்பாகத்தைக் காட்டினார். புடைத்த எழுத்துகள்: 3எச்1, ஒய், நாட்டின் குறி, தயாரித்த ஆண்டு. 3 என்றால் கேன், எச் என்றால் பிளாஸ்டிக், 1 என்றால் மேல்பாகம் கழலாதது. ஒய் என்பது நடுத்தர ஆபத்து வரைக்குமான தகுதி. அதை வாங்க, மாதிரிக் கேன் மைனஸ் 18 டிகிரிக்குக் குளிர்ந்து, 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தும் உடையாமல் இருக்க வேண்டும். சிடாம் கிரியில் அந்தக் குளிரை எந்தக் கேனும் பார்க்கப்போவதில்லை. ஆனால் லோரிப் படியிலிருந்து விழுவது தினமும் நடக்கும். ஐந்து வருஷத்துக்கு மேல் அந்தக் கேனில் ஆபத்தான திரவம் ஏற்றக்கூடாது. ஐ.நா.வின் ஆரஞ்சுப் புத்தகம் 1956இலிருந்து இப்படி விதிகளைத் தொகுத்து வருகிறது.

அக்காவுக்கு அந்தப் புத்தகம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது இன்னொன்று. பதினாறு வயதில் மருந்தடிக்கப் போனவர். பிரட்டில் பெயர் கூப்பிட்டதும் முதுகில் பம்பு ஏறிவிடும். பராகுவாட் என்ற களைக்கொல்லி. நகம் பெயர்ந்ததும் மூக்கில் இரத்தம் வந்ததும் அப்போது யாருக்கும் செய்தி இல்லை. காலித் தோங்கைக் கழுவி வீட்டில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். "கங்காணி மூடியத் திறந்து கொடுப்பாரு. மூடி வெச்சாங்களா, கழுவினாங்களான்னு யாரு கேட்டா?"

தோட்டங்களில் மருந்தடித்த பெண்களின் உடல்நிலை பற்றித் தெனகானித்தா என்ற பெண்கள் உரிமை அமைப்பும் பினாங்கிலிருந்து இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் 2002இல் அறிக்கை வெளியிட்டன. அதே ஆண்டு மலேசிய அரசு பராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. கடைசியில் 2020 ஜனவரி 1இல்தான் முழுத்தடை வந்தது. இடையில் போன வருஷங்களை அக்கா தன் இருமலில் கணக்கு வைத்திருக்கிறார்.

இந்த வேலைக்கு அவரை அனுப்பியவர் ஓர் ஆள்பிடிக்கும் குத்தகைக்காரர். கேன் கணக்கில் கூலி. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. கேன் எண்ணிக்கை குறையும் மாதத்தில் அந்தத் தொகையை அவர் பார்ப்பதில்லை. மறுநாள் காலையில் மூடி சோதிக்கும் நேரம் கணக்கிலேயே வராது. கையுறை கிழிந்தால் சொந்தக் காசு. இன்னொரு வகைத் தரகரும் இருக்கிறார். காலிக் கேன்களைக் குப்பைக் கடையில் அள்ளி, பழைய வருஷத்தைச் சுரண்டிவிட்டு, மறுபடி ஆசிட் நிரப்பி மலிவாக விற்பவர். ஒரு கேனில் அவர் மிச்சம் பிடிப்பது சில ரிங்கிட். அதற்கான விலையை என் தோழன் முதுகிலும் ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளையின் தொண்டையிலும் எழுதி வைக்கிறார். இவர்களைச் சாமர்த்தியசாலிகள் என்று புகழும் ஊர் நமது.

2013 விதிப்படி இந்தக் கேன்களின் எச்சரிக்கைச் சீட்டு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். இருக்கிறது. கையையும் உலோகத்தையும் அரிக்கும் படம் போட்ட கட்டமும் தெளிவாகத் தெரிகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நிறுத்திய அக்கா படம் பார்த்துப் புரிந்துகொள்கிறார். ஆனால் பக்கத்திலேயே ஒட்டுநாடாவில் கறுப்பு மையால் ஒரு வரி தமிழில்: 'ஆசிட். குடிக்கிற போத்தலில் ஊத்தாதே.' ஒவ்வொரு கேனிலும். மருமகன் முகம் சுளிக்கிறார், சீட்டின் அழகு கெடுகிறதாம். "கெடட்டும்" என்கிறார் அக்கா.

அந்த வரி எதற்கு என்று திரும்பும் வழியில்தான் புரிந்தது. ஒரு மளிகைக் கடையில் கிச்சாப் வரிசைக்குக் கீழே மினரல் வாட்டர் போத்தல்கள் ஆறேழு, தண்ணீரைப் போலவே தெளிவாக. சுற்றியிருந்த சீட்டில் இன்னமும் மலையருவிப் படம். மூடியைத் திறந்து முகர வேண்டிய அவசியமே இல்லை, நெடி கடையெங்கும் இருந்தது. "கேனா வாங்க எல்லாராலயும் முடியுமாண்ணே? அரை லிட்டர்தான் கேக்குறாங்க" என்றார் கடைக்காரப் பையன்.

பால்மரம் வைத்திருக்கும் வாசகர்கள் வீட்டில் அப்படி ஒரு போத்தல் இருக்கும். இன்றைக்கே அதைச் சமையலறையிலிருந்து வெளியே எடுத்துப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டுங்கள், மேலே தமிழில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த முறை நாலு பேர் சேர்ந்து ஒரு கேன் வாங்குங்கள். வாங்கும்போது கவிழ்க்காமலே அடியைத் தூக்கி வருஷத்தைப் பாருங்கள்.