குளியலறைக் கணக்கு தரைக்கு அடியில் தொடங்குகிறது

சென்னை கே.கே. நகரில் 35 வயதைத் தாண்டிய ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு. அதன் இரண்டாம் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, வீட்டுக் குளியலறையை இடித்துப் புதுப்பிக்க வேண்டிய கட்டாயத்துக்கு வந்திருந்தார். கீழ்வீட்டுக் குளியலறையின் கூரையில் நீர் ஊறி, காரை உப்பிப் பெயர்ந்து, கம்பியின் துரு வெளியே தெரியத் தொடங்கிவிட்டது. அவரால் ஒதுக்க முடிந்த தொகை ஒன்றரை லட்சம் ரூபாய். அதற்குமேல் முடியாது என்று மேஸ்திரியிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். அந்தத் தொகை எங்கே, யார் கைக்கு, எதற்காகப் போகிறது என்பதை வேலை நடக்கும் இடத்திலேயே நின்று பார்க்க விரும்பினேன். இருவரும் சம்மதித்தார்கள்.

மேஸ்திரிக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். பதின்ம வயதில் கையாளாகச் சென்னைக்கு வந்து, கரணை பிடித்து, இன்று நாலைந்து பேரை வைத்து வேலை செய்கிறவர். வந்தவர் டைல்ஸ் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. முதலில் கீழ்வீட்டுக்குப் போய்க் கறை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் பரவியிருக்கிறது என்று பார்த்தார். பிறகு மேலே வந்து இரண்டு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது எங்கே தேங்குகிறது என்று குத்துக்காலிட்டு உட்கார்ந்து கவனித்தார். சுவர் டைல்ஸை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். வெற்றோசை கேட்ட இடங்களில் பென்சிலால் குறி வைத்தார். அதன் பிறகுதான் அளவு டேப்பை எடுத்தார்.

ஆசிரியை ஒரு ஷவர் பேனலின் படத்தைக் கைப்பேசியில் காட்டினார். விலை 18,000 ரூபாய். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா கடைக்கு இப்பப் போகாதீங்க. முதல்ல உடைச்சுப் பாத்துருவோம். தரைக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியாம மேல எதையும் வாங்கக் கூடாது.”

நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. கடையில் டைல்ஸைப் பார்த்து மயங்கி முன்பணம் கொடுக்கிறோம். குழாயும் ஷவரும் வாங்குகிறோம். மிச்சமிருக்கும் பணத்தில் கசிவுத் தடுப்பையும் கூலியையும் பேரம் பேசுகிறோம். ஒரு குளியலறை கெடுவது அந்தப் பேரத்தில்தான் என்பதை இந்த வேலையைப் பார்த்தபோது தெளிவாக உணர்ந்தேன்.

மேஸ்திரி ஒரு பழைய நோட்டில் கணக்கெழுதினார். அறை ஏழு அடிக்கு ஐந்து அடி. நான்கு சுவரின் சுற்றளவு 24 அடி. ஏழு அடி உயரத்துக்கு டைல்ஸ் பதித்தால் 168 சதுர அடி. கதவுக்கு ஏறத்தாழ 18 கழித்தால் 150. தரை 35. மொத்தம் 185. வெட்டிலும் உடைசலிலும் போவதற்குப் பத்து சதவீதம் சேர்த்து 205 சதுர அடி என்று வைத்துக்கொண்டார்.

அவர் கணக்கின் வரிசைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இடிப்புக்கும் ரப்பீஸை, அதாவது இடிபாட்டுக் கழிவை, இறக்கி வண்டியில் அனுப்பவும் 14,000. குழாய்ப் பொருளும் பிளம்பர் கூலியும் 24,000. கசிவுத் தடுப்புக்கு 13,000. சிமென்ட், மணல் 8,000. டைல்ஸ், ஒட்டும் பசை, இடைவெளி நிரப்பும் கிரவுட் 18,000. டைல்ஸ் பதிக்கும் கூலி 14,000. கழிப்பீடம், வாஷ்பேசின், குழாய்கள், ஷவர் எல்லாம் சேர்த்து 32,000. மின் வேலையும் எக்ஸாஸ்ட் ஃபேனும் 7,000. கதவு 6,500. கூட்டினால் 1,36,500. மீதி 13,500-ஐ வட்டமிட்டு, “இதைத் தொடாதீங்கம்மா. உடைச்ச பிறகு இது தன்னால வேலை கேட்கும்” என்றார். கண்ணுக்குத் தெரியாத வேலைகள் கணக்கின் தலையில் இருந்தன. கண்ணுக்கு அழகானவை கடைசியில் வந்தன. ஷவர் பேனல் பட்டியலிலேயே இல்லை. ஆசிரியை அதை அன்றே கைவிட்டார்.

இடிப்பு தொடங்கியது. பழைய குடியிருப்புகளில் குளியலறையின் தளத்தை மற்ற அறைகளைவிட ஓர் அடிவரை தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்தில் குழாய்களை ஓட்டி, செங்கல் உடைசலைப் போட்டு நிரப்பி, அதன்மேல் தரை போடுவார்கள். அந்த நிரப்பலை எட்டும்வரை உளியும் சுத்தியலும்தான். தளத்தில் அதிர்வு ஏறக் கூடாது என்று உடைக்கும் எந்திரத்தை மேஸ்திரி அங்கே அனுமதிக்கவில்லை. ஒரு வாரமாகப் புழங்காத குளியலறை அது. ஆனாலும் தரையைப் பெயர்த்து வெளியே எடுத்த செங்கல் துண்டுகள் கையில் பிழியலாம்போல ஈரமாக இருந்தன. தரையில் பதித்திருந்த, தண்ணீர் இறங்கும் நஹானி டிராப்பும் கழிவுக் குழாயும் சேரும் இடத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். குளிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ஆண்டுக்கணக்காக அந்தப் பள்ளத்தில் இறங்கித் தேங்கி, தளத்தின் வழியே கீழ்வீட்டுக்குப் போயிருக்கிறது. மேலே எவ்வளவு விலையுயர்ந்த டைல்ஸ் பதித்திருந்தாலும் இந்த நீர் நின்றிருக்காது.

சுவருக்குள் இருந்த ஜி.ஐ. இரும்புக் குழாயை அறுத்துக் காட்டினார் பிளம்பர். அரை அங்குலக் குழாயின் உட்புறம் துருவும் உப்பும் படிந்து, பென்சில் நுழையும் அளவுக்குக்கூட வழி இல்லை. ஷவரில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று மோட்டார் வாங்க நினைத்திருந்த வீடு அது.

பிளம்பர் ஒடிசாவின் கேந்திரபாடா மாவட்டத்து இளைஞர். இந்தியாவின் எந்த நகரத்துக்குப் போனாலும் அந்த மாவட்டத்துப் பிளம்பர்களைப் பார்க்கலாம். தலைமுறைகளுக்கு முன் கொல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றவர்கள் மகனுக்கும் மருமகனுக்கும் கற்றுக்கொடுத்து, ஒரு வட்டாரமே குழாய்த் தொழிலில் தேர்ந்துவிட்டது. அங்கே பட்டாமுண்டையில் பிளம்பிங்குக்கென்றே ஒரு மாநிலப் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. இந்த இளைஞர் சித்தப்பாவிடம் கற்றவர். தமிழ் நன்றாகப் பேசுகிறார். வெந்நீருக்கும் தண்ணீருக்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் ஓட்டி, இணைப்புகளுக்குப் பசை தடவிச் செருகி, சில நொடிகள் அசையாமல் பிடித்துக்கொண்டார். உடனே சோதிக்கலாமே என்று கேட்டேன். “இன்னைக்கு ஒட்டினது நாளைக்குத்தான் சார் டெஸ்ட். பசை காயணும்” என்றார். மறுநாள் கை பம்பால் குழாய்க்குள் 10 கிலோ அழுத்தம் ஏற்றிவிட்டு, அளவுமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். முள் இறங்கவில்லை என்று உறுதியான பிறகுதான் சுவரைப் பூச அனுமதித்தார்.

அடுத்தது கசிவுத் தடுப்பு. பள்ளத்தைச் சுத்தமாகத் துடைத்து, சுவரும் தரையும் சேரும் மூலைகளில் கூர்முனை இல்லாதபடி கலவையால் சாய்வாக மெழுகினார்கள். தடுப்புப் பூச்சு முதலில் விரிசல் விடுவது அந்தக் கூர்முனையில்தான். பிறகு பூச்சை ஒரு கை நீளவாக்கில் அடித்து, காய்ந்த பின் மறு கை குறுக்குவாக்கில் அடித்தார்கள். தரையோடு நிறுத்தாமல் சுவரில் ஓர் அடியும், ஷவர் விழும் பக்கம் ஆறடியும் ஏற்றினார்கள். காய்ந்ததும் கழிவு வாயை அடைத்துப் பள்ளத்தில் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் கோடிட்டுக் குறித்து, முழுதாக இரண்டு நாள் விட்டுவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் யாருக்கும் வேலை இல்லை, கூலியும் இல்லை. அவசரப்படும் வீட்டுக்காரரும் அடுத்த வேலைக்குப் பறக்கும் ஒப்பந்தக்காரரும் முதலில் வெட்டுவது இந்த இரண்டு நாளைத்தான். கீழ்வீட்டுக் கூரையில் புதிய ஈரம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே மேஸ்திரி தண்ணீரைத் திறந்துவிட்டார்.

டைல்ஸ் பதிக்க வந்தவர் ஐம்பதைக் கடந்தவர். அவர் கைவேலையை நெருங்கி உட்கார்ந்து பார்த்தேன். முதல் வரிசையைத் தரையிலிருந்து தொடங்கவில்லை. மட்டக்குழாயில் தண்ணீர் நிரப்பி நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தைக் குறித்து, அதில் ஒரு நேர்ச்சட்டத்தை அடித்து, இரண்டாம் வரிசையிலிருந்து மேலே ஏறினார். தரை முடிந்த பிறகுதான் அடிவரிசை. கதவைத் திறந்ததும் கண்ணில் படும் மூலையில் முழு டைல் வரும்படியும், வெட்டுத் துண்டுகள் கதவுக்குப் பின்னால் ஒளியும்படியும் முன்னதாகவே உலர்வாக அடுக்கிப் பார்த்துக்கொண்டார்.

பசையை எடுத்து டைல்ஸின் பின்புறம் முழுவதும் பரப்பி, பல்கரணையால் சீப்பு வாரியதுபோல இழுத்தார். ஒரு டைலை ஒட்டியதும் அதைப் பெயர்த்து என்னிடம் பின்பக்கத்தைக் காட்டினார். பசை படாத இடமே இல்லை. “நாலு மூலையில நாலு உருண்டை, நடுவுல ஒண்ணு வெச்சு அமுக்கினா பாதி பசையில வேலை முடிஞ்சிரும் சார். மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ள காலியா இருக்கிற இடத்துல தண்ணி போய் உக்காரும். ரெண்டு வருஷத்துல டைல்ஸ் கழண்டுரும்” என்றார். சதுர அடிக்குக் கூலியில் ஐந்து ரூபாய் குறைக்கச் சொன்னால் தொழிலாளி எங்கே குறைப்பார் என்பதற்கு இதுவே விளக்கம்.

தரையில்தான் அவருடைய திறமை முழுதாக வெளிப்பட்டது. கதவிலிருந்து கழிவு வாய்வரை ஓர் அங்குல வாட்டம். காலுக்குச் சரிவு தெரியக் கூடாது, தண்ணீருக்குத் தெரிய வேண்டும். தரைக்கு இரண்டடி டைல்ஸ் வேண்டும் என்று கேட்ட ஆசிரியைக்கு, பெரிய டைல்ஸ் நாலு பக்க வாட்டத்துக்கு மடங்காது என்று சொல்லி, ஓரடிச் சொரசொரப்பு டைல்ஸையே வாங்க வைத்தார். ஒவ்வொரு டைலையும் ரப்பர் சுத்தியால் தட்டி, ரசமட்டத்தின் குமிழ் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து அழுத்தினார். முடிந்ததும் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். எங்கும் நிற்காமல் அது கழிவு வாயை நோக்கி ஓடியது. கழிப்பீடத்தின் பக்கத்துச் சுவரில் கைப்பிடி வைப்பதற்கான இடத்தையும் அவரே கேட்டுக் குறித்துக்கொண்டார். வயதானவர்கள் வாழும் வீட்டில் வழுக்காத தரையும் கைப்பிடியும் ஒரு சில ஆயிரம் ரூபாயில் இடுப்பு எலும்பைக் காப்பாற்றும்.

இந்த வேலையின் இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். இடித்த ரப்பீஸ் அத்தனையும் இரண்டு மாடி இறங்கியது இரண்டு பெண்களின் தலைச்சுமையாக. கொத்தனாருக்கு நாள் கூலி 1,100. சித்தாளாக வந்த அவர்களுக்கு 650. ஒருவர் இருபது ஆண்டுகளாகக் கலவை போடுகிறார். எந்த வேலைக்கு எவ்வளவு சிமென்ட் என்று கண்ணால் சொல்கிறார். இருந்தும் அவர் கையில் யாரும் கரணையைக் கொடுத்ததில்லை. டைல்ஸ் மேஸ்திரியின் விரல் நுனிகள் சிமென்ட் அரித்து வெடித்திருந்தன. முட்டி போட்டே உழைத்தவர், எழுந்து நிற்க வாளியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. டைல்ஸை உலர்வாக அறுக்கும்போது கிளம்பும் புகைபோன்ற தூளில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரலில் சிலிகோசிஸ் நோய் வரலாம். அதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. அறுக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் தூள் பெருமளவு அடங்குகிறது. ஒரு ஆள் குவளையோடு பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்கான கூலி எந்த வீட்டுக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் அமைந்தது. 18 முதல் 60 வயதுவரை பதிவு செய்யலாம். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று பல பயன்கள் உண்டு. இந்த வேலையில் இருந்தவர்களில் மேஸ்திரியிடம் அட்டை இருந்தது. சித்தாள்களில் ஒருவர் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். டைல்ஸ் மேஸ்திரி பதிவே செய்யவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டுமே என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

மேஸ்திரி வட்டமிட்டு வைத்திருந்த தொகையில் 9,500 ரூபாய், விரிசல் விட்ட கழிவு இணைப்பை மாற்றுவதில் செலவானது. மொத்தச் செலவு 1,46,000. கூலி மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பங்கில் ஒரு ரூபாயும் வீணாகவில்லை என்பது நேரில் பார்த்த என் முடிவு.

குளியலறையைப் புதுப்பிக்கப் போகிறவர்களிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான். கணக்கைத் தரைக்கு அடியிலிருந்து எழுதத் தொடங்குங்கள். பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல், குழாய் சோதனை, தண்ணீர் கட்டிய சோதனை, டைல்ஸ் முடிவு என்று கட்டம் கட்டமாகக் கொடுங்கள். தொகை போதாவிட்டால் ஷவருக்கும் திருகுகுழாய்க்கும் விலை குறைந்த பிராண்டை வாங்குங்கள், அவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். கசிவுத் தடுப்பையும் கூலியையும் குறைக்காதீர்கள். ரப்பீஸைத் தெருவோரம் கொட்ட விடாதீர்கள். பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டுமானக் கழிவைப் பிரித்துப் பயன்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. டைல்ஸ் அறுக்கும்போது தண்ணீர் ஊற்ற ஒரு ஆளுக்கும், முகக்கவசத்துக்கும், கையுறைக்கும் கணக்கில் ஒரு வரி எழுதுங்கள். நல வாரியத்தில் பதிவு செய்யாதவர் உங்கள் வீட்டில் வேலை செய்தால், ஒரு நாள் கூலியோடு அவரைப் பதிவுக்கு அனுப்புங்கள்.