கொல்லிமலையில் கொதிக்கும் கார்

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியைத் தாண்டியதும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். விடுமுறை நாளில் பாதி ஏற்றத்தில், பானட்டைத் திறந்துவைத்து ஆவி பறக்க நிற்கும் கார் ஒன்றாவது கண்ணில் படும். பிள்ளைகளுக்குக் குரங்கு பார்க்கும் குஷி. அப்பாவின் கையிலோ தண்ணீர் பாட்டில். அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறட்டும்.

நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடிய கார் மலையில் மட்டும் ஏன் சூடாகிறது? வேகமாகப் போகையில் எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். இரண்டாம் கியரில் முக்கி முக்கி ஏறும்போது அந்தக் காற்று கிடையாது, ஃபேன்தான் கதி. அது சுற்றவில்லையென்றால் முதலில் ஃபியூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். சுற்றியும் சூடு தணியவில்லையா? மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. ஒழுக்கு எதுவும் இல்லாமலே கூலன்ட் குறைந்து, வெள்ளைப் புகையும் விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அப்புறம் ஆகாய கங்கை அருவியை மறந்துவிட வேண்டியதுதான். வண்டியை லாரியில் ஏற்றித்தான் இறக்க வேண்டும்.

முள் ஏறத் தொடங்கும்போதே ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திருப்பினால் இன்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும். பின்சீட்டுப் பாட்டி திட்டுவார். ஜன்னலைத் திறந்துவிட்டு, ஒதுங்க இடம் கிடைக்கும்வரை சமாளிக்கலாம்.