கை தூக்காதவர்கள் சொல்லும் பதில்

“எல்லாருக்கும் புரிஞ்சுதா?” ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக வகுப்பில் ஆசிரியர் இப்படிக் கேட்டால், வாய் திறப்பது பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர்தான். சீனா, வியட்நாம், நேபாளம், இந்தியா என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்களில் பலர் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள்.

பாடம் புரியாததால் அல்ல. தன் உச்சரிப்பைக் கேட்டு யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம் சிலருக்கு. வாத்தியார் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள் சிலர். (தமிழ்நாட்டு வீடுகளிலும் அப்படித்தானே?) ஆனால், வகுப்பில் பேசுவதற்கென்றே மதிப்பெண் வைத்திருக்கும் பாடங்கள் அங்கே உண்டு. பேசாவிட்டால் அது போச்சு.

இந்தக் கூச்சத்துக்குக் கைகொடுக்கிறது ‘கிளிக்கர்’. டி.வி ரிமோட் மாதிரி சின்னதாக இருக்கும். திரையில் கேள்வியும் நாலு விடைகளும் வரும். சரியென்று படுவதை அமுக்கினால் போதும். எந்த விடைக்கு எத்தனை பேர் என்பது மட்டும் திரையில் தெரியும், பெயர் தெரியாது. இப்போது அந்த வேலையை செல்போனே செய்துவிடுகிறது.

கருவியைக் கொடுத்தால் மட்டும் போதாது. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-ல் தொடங்கிய முறை இங்கே நன்றாகப் பொருந்துகிறது. முதலில் தனியாக யோசித்து ஒரு விடை. பிறகு, ஏன் அந்த விடை என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாதாட வேண்டும். அப்புறம் மறுபடியும் ஓட்டு. நூறு பேர் முன்னால் எழுந்து நிற்கப் பயப்படுகிறவர்கூட பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசிவிடுவார். அதற்குள் முதல் ஓட்டின் முடிவைத் திரையில் காட்டிவிடக் கூடாது. காட்டினால், கூட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எல்லாரும் சாய்ந்துவிடுவார்கள்.

பக்கத்தில் இருப்பவர் சொந்த ஊர்க்காரர் என்றால் வாதம் சீனத்திலோ தமிழிலோ நடக்கும். சில ஆசிரியர்களுக்கு இது பிடிப்பதில்லை. தமிழில் சண்டை போட்டு நியூட்டன் விதி புரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பெரிய தொல்லை வேகம்தான். நார்வேயில் பிறந்த ‘கஹூட்’ செயலியில், சீக்கிரம் பதில் சொன்னால் அதிகப் புள்ளி. பின்னணியில் இசை வேறு. விளையாட்டாக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஆங்கிலக் கேள்வியை இரண்டு முறை படித்தால்தான் பிடிபடும் என்கிற மாணவர், விடை தெரிந்தும் பின்தங்கிப் போவார். நேரத்தைக் கூட்டி வைக்க அதிலேயே வசதி இருக்கிறது; ஆசிரியருக்கு மனம் வர வேண்டும்.

இன்னொன்று. அமுக்குகிற விடைக்கு மதிப்பெண் உண்டு என்றால், திரைக்குத் தெரியாத பெயர் ஆசிரியரின் கணினிக்குத் தெரியும். அதை முதல் நாளே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

வாதமும் இரண்டாவது ஓட்டும் முடிந்தபின், அனுபவமுள்ள ஆசிரியர்கள் “யார் ‘சி’ போட்டது?” என்று கேட்பதில்லை. “‘சி’ போட்டவர்கள் எப்படி யோசித்திருப்பார்கள்?” என்று கேட்கிறார்கள். ‘சி’ போட்ட பையனே எழுந்து, யாரோ ஒருவருடைய யோசனை மாதிரி, தன் யோசனையை விளக்கிவிட்டு உட்காரலாம்.