முயலின் சீரமும் உறைகுளிரும்

பாலிகுளோனல் ஆன்டிபாடி என்பது ஒரே வகை மூலக்கூறு அல்ல, கலவை. ஒரு புரதத்தை முயலுக்கு ஊசி வழியே செலுத்தினால், அதன் பி செல்கள் பல, அப்புரதத்தின் வெவ்வேறு பகுதிகளை இனங்கண்டு தனித்தனி ஆன்டிபாடிகளைச் சுரக்கும். அத்தனையும் சீரத்தில் கலந்தே கிடைக்கும். வெஸ்டர்ன் பிளாட்டில் புரதம் கொதித்து உருக்குலைந்த பின்னும் ஏதோ ஒரு பகுதியை இவை பற்றிக்கொள்வது பெரிய பலம். பலவீனமும் அதிலேயே இருக்கிறது: வேண்டாத புரதத்திலும் ஒட்டி, கூடுதல் பட்டைகளைக் காட்டிவிடும். ஒரு முயலின் சீரம் இன்னொன்றைப் போல இருக்காது. ஆகவே ஒவ்வொரு புதிய தொகுதிக்கும் 1:500 முதல் 1:5000 வரை நீர்க்கச் செய்து பார்த்துத்தான் அளவை முடிவு செய்ய வேண்டும்.

ஆன்டிபாடிக் குப்பி வந்ததும் முதலில் சில நொடிகள் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுவது நல்லது. மூடியின் உட்புறம் ஒட்டிய துளிகூட விலைமதிப்புள்ளது. பிறகு 10 அல்லது 20 மைக்ரோலிட்டராகச் சிறு குழாய்களில் பிரித்து, தேதி எழுதி, மைனஸ் 20 டிகிரியில் வைக்கலாம். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கினால் ஆன்டிபாடிகள் திரண்டு பிணைப்புத் திறனை இழக்கும். பனி படியாத வகை ஃப்ரீசர் இதற்கு ஆகவே ஆகாது: பனியைக் கரைக்க அது அவ்வப்போது தானே சூடேறும். பாதியளவு கிளிசரால் சேர்த்த கரைசல் மைனஸ் 20-இலும் உறையாது.

4 டிகிரியில் வைப்பதற்கு 0.02 சதவீத சோடியம் அசைடு நுண்ணுயிர்களைத் தடுக்கும். ஆனால் அது பெராக்சிடேஸ் நொதியை முடக்குவதால், அந்த நொதி இணைத்த ஆன்டிபாடியில் சேர்க்கக் கூடாது.