அலுமாரிக்குப் பின்னால்

1990களில் கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமில், ஒரு பழைய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களுக்குக் குளிர் என்றால் மார்கழிப் பனிதான் தெரியும். இங்கே குளிர் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தது.

விடிந்ததும் அம்மாவின் முதல் வேலை யன்னல் துடைப்பது. கண்ணாடியின் உட்பக்கம் வழிந்த தண்ணீர் அடிக்கட்டையில் தேங்கி நிற்கும். பழைய துவாயால் ஒற்றி, வாளிக்குள் பிழிந்து, மறுபடி ஒற்றுவா. அலுமாரியை இழுத்தால் பின்சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். பிளீச் போட்டுத் தேய்ப்பா. சில கிழமைகளில் அதே இடத்தில் புள்ளி புள்ளியாகத் திரும்பிவிடும். பள்ளிக்கூட உடுப்பிலும் அந்த வாடைதான்.

கரன்டுக்குக் கீ மீற்றர். கடையில் காசு ஏற்றி வந்தால்தான் ஹீட்டர் எரியும். பிறகு பில் கட்டுகிறவர்களைவிட முன்காசு கட்டுகிற எங்களுக்குத்தான் அன்றைக்கு விலை கூட. இல்லாதவனிடம் கூடுதலாக வாங்கிய அந்தக் கணக்கை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. நாங்கள் ஒரே போர்வைக்குள், தம்பிக்கு நெஞ்சு இழுக்கும் சத்தத்தைக் கேட்டபடி கிடப்போம்.

வீட்டுக்காரர் எங்கட ஆள்தான். "கறி காய்ச்சிற ஆவியும், உள்ளுக்க உடுப்புக் காயப்போடுறதும்தான் அக்கா காரணம்" என்பார். அம்மா நம்பினா. கொட்டும் குளிரிலும் யன்னலைத் திறந்துவைத்துச் சமைத்தா. அப்பா கோபப்பட்டால், "அவரோட கொழுவாதைங்கோப்பா, எழுப்பிவிட்டா பிள்ளையளோட எங்க போறது?" என்று அடக்குவா. அந்தப் பயம் வீண் இல்லை. வாடகை ஒப்பந்தக் காலம் முடிந்தால், காரணமே சொல்லாமல் 2 மாத அறிவித்தலில் எழுப்ப 1988ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்திருந்தது.

தம்பியைப் பார்க்க வந்த ஹெல்த் விசிட்டர் ஒருநாள் அந்தச் சுவரைக் கண்டுவிட்டா. கவுன்சிலுக்கு எழுதினது அவதான். வந்த அதிகாரி ஈரம் பார்க்கும், இரண்டு ஊசி வைத்த சின்ன மீற்றரைச் சுவரில் குத்தினார். கூரைப் பக்கம் போகப் போக முள் ஏறியது. வெளியே போய் அண்ணாந்து பார்த்தார். பீலி உடைந்து, மழைத்தண்ணீர் பின்சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அம்மா அழுதா. தன் சமையலால்தான் பிள்ளைக்கு இழுக்கிறது என்று அதுவரை நினைத்திருந்திருக்கிறா.

பீலியை மாற்றினார்கள். தம்பி இன்றைக்கும் இழுப்புக்கான பம்ப் வைத்திருக்கிறான்.

2020 டிசம்பரில் ரொச்டேலில் அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை வீட்டுப் பூஞ்சணத்தால் மூச்சு நோய் கண்டு இறந்தான். அந்தக் குடும்பத்திடமும் வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் வாழ்க்கை முறையைத்தான் குற்றம் சொல்லியிருந்தார்கள். பூஞ்சணத்தைச் சரிசெய்ய வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்தி அவன் பெயரால் வந்த சட்டம் 2025 அக்டோபரில் இங்கிலாந்தின் சமூக வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. அதைத் தனியார் வாடகை வீடுகளுக்கும் விரிக்க வழிசெய்யும் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. காரணம் சொல்லாமல் எழுப்பும் அதிகாரத்தை 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் நீக்குவதும் அந்தச் சட்டம்தான்.

ஆனால் முறைப்பாட்டை யாராவது எழுத வேண்டுமே. உங்கள் தெருவில் ஆங்கிலம் எழுத வராத ஒரு குடும்பம் இருந்தால், சுவரைப் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கும் கவுன்சிலின் சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கும் நீங்களே எழுதிக் கொடுங்கள்.